என் தட்டைத் தூக்க ஒரு மாமா

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் முழுக்க யாரும் பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் படித்த அளவுக்கு நான் பிறகு காலேஜில்கூடப் படிக்கவில்லை என்று சொன்னால், எனக்கு ஃபீஸ் கட்டியவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். உண்மையைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

ஆண்டிமடத்திலிருந்து பிரிந்து போகிற தார் ரோட்டில், முந்திரிக்காட்டை ஒட்டி எங்கள் ஊர். ரோட்டின் ஒரு பக்கம் தொடக்கப்பள்ளி, எதிர்ப்பக்கம் நாலைந்து வீடு தள்ளி எங்கள் வீடு. இதனால் பள்ளிக்கூடமே எங்களுடையது என்ற நினைப்பு எனக்கு இருந்தது. மணி அடிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே போய் கேட்டில் நின்றுகொண்டு, வருகிற பிள்ளைகளைக் கல்யாண வீட்டுக்காரி மாதிரி வரவேற்பேன். காலை வழிபாட்டில் உறுதிமொழி சொல்கிறவள் நான். கொடியேற்றும்போது கயிற்றை எடுத்துக் கொடுக்கிறவள் நான். வீட்டில் என்னை வாயாடி என்பார்கள். அதே வாய்க்குப் பள்ளியில் தலைமைப் பண்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குப் பள்ளியைத்தான் அதிகம் பிடிக்கும்.

பள்ளிக்கு இரண்டே ஆசிரியைகள். தலைமை ஆசிரியை பெரிய டீச்சர், மற்றவர் சின்ன டீச்சர். பெரிய டீச்சர் அரியலூரிலிருந்து பஸ் மாறி வருவார். இங்கிலீஷ் மீடியம் பள்ளி வேன் ஒன்று மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டு எங்கள் ஊருக்குள் நுழைய ஆரம்பித்திருந்த காலம் அது. ஒவ்வொரு ஜூனிலும் எங்கள் ஒன்றாம் வகுப்பு கொஞ்சம் கொஞ்சமாக அந்த வேனில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. பெரிய டீச்சர் அழவில்லை, யாரையும் திட்டவுமில்லை. "இங்க என்ன நடக்குதுன்னு ஊரு வந்து கண்ணால பாக்கட்டும்" என்று சொல்லி, முழுஆண்டுப் பரீட்சைக்கு முன்னால் ஒரு வாரத்தைக் கற்றல் திருவிழா என்று அறிவித்துவிட்டார். திங்களன்று தொடங்கும். வெள்ளிக்கிழமை கல்விச் சீரோடு முடியும்.

கல்விச் சீர் என்பது இப்போது பல ஊர்களில் நடக்கிறது. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் தாம்பாளங்களைத் தூக்கிக்கொண்டு மேளத்தோடு சீர் வருகிறதல்லவா, அதே மாதிரி ஊரே சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டுவருவது. தேங்காய் பழத் தட்டோடு நாற்காலி வரும், மின்விசிறி வரும், தண்ணீர் டிரம் வரும். எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை அளக்கிற நாள். கையில் டேப் கொடுத்துவிட்டார்கள், கேட்க வேண்டுமா! கரும்பலகை, வேப்பமரம், சத்துணவு அண்டா, சத்துணவு அக்காவின் ஜடை என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் டீச்சர்களையே சுவரோரம் நிற்கவைத்து அளந்தோம். பெரிய டீச்சரைவிடச் சின்ன டீச்சர் ஒரு சாண் உயரம் என்று தெரியவந்தது. "அப்ப இனிமே பேர மாத்திடலாமா டீச்சர்?" என்று நான் கேட்டேன். பெரிய டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். சின்ன டீச்சர்தான் பாவம், பயந்துபோய் இரண்டு பக்கமும் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை கல் கொண்டுவருகிற நாள். எங்கள் வகுப்பில் ஒருத்தி, அவளைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. எனக்கும் அவளுக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆகாது. அவள் அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். அவள் பையிலிருந்து நத்தை மாதிரி சுருண்ட கல் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். கல்லிலேயே வரிவரியாக நத்தைக்கூடு! நான் கொண்டுபோயிருந்த கூழாங்கல்லை மெதுவாகப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். பெரிய டீச்சர் அந்தக் கல்லைக் கையில் ஏந்தி, இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது, இது அந்தக் கடலில் வாழ்ந்த உயிர் என்றார். "கடலு இருந்துச்சுன்னா அந்தத் தண்ணியெல்லாம் எங்க டீச்சர் போச்சு?" என்று நான் விடாமல் கேட்டேன். எங்கள் ஊரில் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். டீச்சர் அதற்கு ஒரு மணிநேரம் பதில் சொன்னார்.

அன்று சாயங்காலம்தான் என் தலையில் குண்டு விழுந்தது. வெள்ளிக்கிழமைச் சீரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு தட்டு வரும், அந்தத் தட்டை அவரவர் தாய்மாமன் தூக்கி வரவேண்டும் என்று பெரிய டீச்சர் சொன்னார். "சீருன்னா மாமன் இல்லாம ஏது? மாமன் வரமுடியாதவங்க, அப்பாவ அழைச்சிக்கிட்டு வாங்க."

நத்தைக்கல்காரி உடனே கையைத் தூக்கினாள். "டீச்சர், எனக்கு நாலு மாமா இருக்காங்க. யாரு தூக்கணும்?"

பிறகு என் பக்கம் திரும்பி, ஊர் முழுக்கத் தெரிந்த விஷயத்தை ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டாள். "ஒனக்குத்தான் மாமா வரமாட்டாங்கள்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் வரமாட்டாங்க? எங்க மாமாதான் மொதல்ல வருவாங்க, பாரு!" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

எனக்கு மாமா இருந்தார். ஒரே ஒரு மாமா, அம்மாவின் தம்பி. உடையார்பாளையம் பக்கத்தில் வீடு. சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து, முந்திரிக்கொட்டை மூட்டை ஏற்றி இறக்குகிறவர். ஆனால் என் தம்பியின் காதுகுத்து நடந்த நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை.

காதுகுத்துக்குப் பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும். அன்றைக்கு மாமா சீர்வரிசையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போது ஜெயங்கொண்டம் தாண்டி டயர் வெடித்துவிட்டது. போன் போட்டால் காதுகுத்து நடந்த கோயிலில் சிக்னல் இல்லை. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, நல்ல நேரம் போகிறது, நல்ல நேரம் போகிறது என்று சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் அம்மா வழியில் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் பந்தியில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார், அவரைக் கூட்டிவந்து அவர் மடியில் தம்பியை வைத்துக் காது குத்திவிட்டார்கள். தம்பி அழுது ஓய்வதற்குள் மாமாவின் வண்டி வந்து நின்றது. அவர் தம்பியின் காதைப் பார்த்தார். "என் மடி வந்துக்கிட்டு இருக்கறப்ப எவன் மடியிலயோ ஒக்கார வச்சிட்டீங்களே" என்று ஒரே ஒரு வார்த்தை. சீரை இறக்கவில்லை. வந்த வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு பொங்கல் சீரும் வரவில்லை, தீபாவளிச் சீரும் வரவில்லை. முறையாக வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டால் வருவேன் என்பது மாமாவின் கட்சி. சொந்த அக்கா வீட்டுக்கு வர வெற்றிலை பாக்கு எதற்கு என்பது அப்பாவின் கட்சி. இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. இரண்டு பேருக்கும் மூக்குமேல் ரோஷம் மட்டும் கொஞ்சம் அதிகம். நடுவில் அம்மா இருந்தாள். அவள் எந்தக் கட்சியிலும் இல்லை, அதனால் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமைதோறும் மாமாவின் வண்டி எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். எங்கள் வீட்டுக்கு நேராக வரும்போது ஹாரன் அடிப்பார். நிற்கமாட்டார். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். அவள் வருவதற்குள் வண்டி புழுதியாகியிருக்கும். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துவிட்டு, எதையோ எடுக்க வந்தவள் மாதிரி வாசலில் கிடக்கிற எதையாவது எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். எனக்கு அப்போது அது விசித்திரமாகத் தெரிந்ததில்லை. பெரியவர்கள் செய்கிற பல வேலைகளில் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயத்தைப் போட்டு உடைத்தேன். "வெள்ளிக்கிழம என் தட்டத் தூக்க மாமா வேணும்."

அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா கொத்தனார். நகக்கண்ணில் ஒட்டியிருந்த சிமெண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்பா தூக்குவாங்க. சாப்புடு" என்றாள் அம்மா.

"அப்பா எதுக்கு? அப்பா என்ன மாமாவா? அவளுக்கு நாலு மாமா வர்றாங்க. எனக்கு ஒருத்தர்கூட வேணாமா?"

அப்பா தட்டில் கைகழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தத் தட்டைப் பார்த்தேன், பாதிச் சோறு அப்படியே இருந்தது. கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை எனக்கு விடிவுகாலம் பிறந்தது. அன்று அழைப்பு நாள். கலர் காகிதத்தில் நாங்களே அழைப்பிதழ் எழுதினோம், ஓரத்தில் பூப் போட்டோம். பெரியவர்களை எப்படி முறையாக அழைப்பது என்று சின்ன டீச்சர் சொல்லிக்கொடுத்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், அதன்மேல் அழைப்பிதழ். நிமிர்ந்து நின்று, "எங்க பள்ளிக்கூடத்து விசேஷத்துக்கு நீங்க குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்" என்று சொல்லவேண்டும். சொல்லும்போது சிரிக்கக் கூடாது. நாங்கள் தெருத்தெருவாகப் போய் ஊரையே அழைத்தோம். டீக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் சீட்டைத் தொடைக்கு அடியில் ஒளித்துவிட்டு எழுந்து நின்று வெற்றிலையை வாங்கிக்கொண்டார்கள். வெற்றிலைத் தட்டை நீட்டினால் பெரிய மனிதர்களே எழுந்து நிற்கிறார்கள் என்பதை நான் அன்றுதான் கண்டுபிடித்தேன்.

கண்டுபிடித்ததும் ஓடிப்போய்ப் பெரிய டீச்சரிடம் கேட்டேன். "டீச்சர், வெளியூர்க்காரங்களுக்கும் வைக்கலாமா?"

"யாருக்கு?"

சொன்னேன். டீச்சர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு இருந்ததிலேயே நல்ல அழைப்பிதழாக ஒன்றைத் தேடி எடுத்தார். "தாராளமா வையி. ஒன் தட்டு, ஒன் மாமா. பள்ளிக்கூடம் அழைக்கிறதா சொல்லு, வேற ஒன்னும் சொல்லாத." தன் கைப்பையிலிருந்த வாழைப்பழம் ஒன்றையும் எடுத்துத் தட்டில் வைத்தார். அது அவருடைய மத்தியான பலகாரம்.

வியாழக்கிழமை காலை இடைவேளை மணி அடித்ததும் நான் தட்டோடு ரோட்டுக்கு நடுவில் போய் நின்றேன். சின்ன டீச்சர் கேட்டில் நின்று, "ஓரமா நில்லு, ஓரமா நில்லு!" என்று கத்திக்கொண்டே இருந்தார். ஓரமாக நின்றால் மாமா ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவாரே! தூரத்தில் குட்டியானை தெரிந்தது. என்னைப் பார்த்து ஹாரன் அடித்தது. நான் நகரவில்லை. இன்னொரு தடவை அடித்தது. நான் தட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஒரு கை தூரத்தில் வந்து வண்டி நின்றது.

"ஏ பாப்பா! வண்டி ஏறிடுச்சுன்னா என்னாவறது? அறிவு இருக்கா?" என்று மாமா தலையை வெளியே நீட்டிச் சத்தம் போட்டார்.

நான் சிரிக்காமல், நிமிர்ந்து நின்று சொன்னேன். "எங்க பள்ளிக்கூடத்து விசேஷத்துக்கு நீங்க குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்."

மாமா தட்டைப் பார்த்தார். வெற்றிலை, பாக்கு, குங்குமம், வாழைப்பழம். இன்ஜினை அணைத்தார். கீழே இறங்கினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஆனால் கையை மட்டும் நீட்டவில்லை.

"ஒங்கம்மா சொல்லி வுட்டாளா?"

"இல்ல. ஸ்கூலு சொல்லி வுட்டுச்சு."

"ஒங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்பாகிட்ட எதுக்குச் சொல்லணும்? ஸ்கூலு அப்பாவோடதா?"

மாமாவுக்கு உதடு ஒரு பக்கம் கோணியது. "என்ன விசேஷம், எப்ப?"

எல்லாம் ஒப்பித்தேன். வெள்ளிக்கிழமை, பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம், பத்தரைக்கு ராகுகாலம், அதற்கு முன்னால் புறப்பட்டாக வேண்டும். மாமா கவனமாகக் கேட்டுவிட்டுக் குனிந்து, ரகசியம் மாதிரி ஒன்று கேட்டார்.

"சீர ஸ்கூல்லதான எறக்கணும்? ஒங்க வூட்ல இல்லியே?"

"ஸ்கூல்லதான்."

"என்ன கொண்டாந்தாலும் வாங்கிப்பாங்களா? இது வேணாம், அது வேணாம்னு திருப்பி வுட மாட்டாங்களே?"

"எங்க பெரிய டீச்சர் எதையும் வேணாம்னே சொல்ல மாட்டாங்க."

மாமா இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டியை எடுத்தார். எங்கள் வீட்டைத் தாண்டும்போது வழக்கம்போல ஹாரன் அடித்தார். அம்மா வழக்கம்போல வாசலுக்கு வந்தாள். நான் அவளிடம் சொல்லவில்லை. சர்ப்ரைஸ் என்று ஒரு வார்த்தையைச் சின்ன டீச்சர் அந்த வாரம்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையார் கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். நாற்காலிகளுக்கெல்லாம் சந்தனம் தடவிப் பொட்டு வைத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரத்துக்குக்கூட ஒரு முழம் பூ. நத்தைக்கல்காரியின் மாமாக்கள் நாலு பேரும் ஒரே கலரில் சட்டை போட்டுக்கொண்டு பெரிய மின்விசிறி ஒன்றைப் பல்லக்கு மாதிரி தூக்கி நின்றார்கள். என் தட்டு மட்டும் தரையில் இருந்தது. அம்மா கட்டிக்கொடுத்த தேங்காய் பழமும் ஒரு உலக உருண்டையும் அதில் இருந்தன.

"அப்பாவத் தூக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

"மாமா வராங்க. நான் வெத்தல பாக்கு வச்சிட்டேன்."

அம்மாவுக்கு முகம் எப்படி ஆயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த அத்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா நான் சொன்னதைக் கேட்டார், கேட்காத மாதிரி கோயில் கோபுரத்தைப் பார்த்தார்.

பத்து மணி ஆனது. பத்தே காலும் ஆனது. மாமாவைக் காணோம். நான் ரோட்டுக்கும் தட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை முட்டியது. நத்தைக்கல்காரி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கேலி செய்வதைவிட மோசம். மேளக்காரர் அடிக்கட்டுமா என்று கேட்டார். அப்போது அத்தை வாயைத் திறந்தார்.

"நல்ல நேரம் போவுது. யாராச்சும் தட்டத் தூக்குங்கப்பா. வர்றவங்க பின்னாடி வரட்டும்."

யாரோ ஒரு பெரியப்பா குனிந்து என் தட்டில் கைவைத்தார்.

"தட்டக் கீழ வையிங்க" என்றார் அப்பா.

எங்கள் அப்பா சத்தமாகப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அன்று மேளக்காரர்வரை கேட்டது.

"மாப்ள வரட்டும். ஒரு தடவ அவசரப்பட்டது போதும்."

"ராகுகாலம் வந்துடும்டா" என்றார் அத்தை.

"வரட்டும், அதுவும் வந்து ஒரு ஓரமா நிக்கட்டும்."

எல்லோரும் பெரிய டீச்சரைப் பார்த்தார்கள். பள்ளி விசேஷம், அவர்தானே சொல்லவேண்டும். டீச்சர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டார். "பள்ளிக்கூடத்துக்கு ராகுகாலம் கெடையாதுங்க. மணிதான் உண்டு. அத நான் இன்னும் அடிக்கல."

அதற்குப் பிறகு ஊர் அப்படியே காத்துக்கொண்டு நின்றது. வெயில் ஏறியது. மின்விசிறிப் பல்லக்கைத் தூக்கியவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டு அதன் நிழலிலேயே உட்கார்ந்தார்கள். அம்மா மட்டும் உட்காரவில்லை.

பதினோரு மணி தாண்டித்தான் ஹாரன் சத்தம் கேட்டது. சும்மா ஹாரன் இல்லை, ஊர் எல்லையிலிருந்தே விடாமல் அடித்துக்கொண்டு வந்தார். வண்டியின் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருந்தது. முன்னால் மாமாவும் என் மாமியும். பின்னால் தாம்பாளம் தாம்பாளமாகப் பழம், வளையல், பூ, பட்டுப்பாவாடை. அதற்கெல்லாம் நடுவில், கொம்பில் மஞ்சள் பூசி, கழுத்தில் சம்பங்கி மாலையோடு, ஒரு கறுப்புக் கிடா நின்றுகொண்டிருந்தது. அந்தக் கிடா எங்கள் ஊரை ஒரு மாமனார் பார்வை பார்த்தது.

"மன்னிச்சுக்குங்க! ஜெயங்கொண்டத்துல எறங்கி ஓடிடுச்சு. பஸ் ஸ்டாண்டே சேந்து தொரத்திப் புடிச்சுக் குடுத்துச்சு" என்று மாமா மூச்சுவாங்கச் சொன்னார். சட்டை முழுக்க வேர்வை, ஒரு பொத்தானைக் காணோம்.

ஊர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பா சிரிக்கவில்லை. வண்டியின் பின்பக்கம் போய்ப் பலகையைத் திறந்துவிட்டு, கிடாவை இறக்கக் கைகொடுத்தார். மாமா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கிடாவையே பார்த்துக்கொண்டார்கள்.

மாமா என் தட்டைத் தலைக்குமேல் தூக்கியதும் மேளம் பிடித்தது பாருங்கள், அப்படி ஒரு அடி! நான் எல்லோருக்கும் முன்னால் நடந்தேன். கொடியும் நானே, கோயில் யானையும் நானே என்பது மாதிரி நடந்தேன். நத்தைக்கல்காரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதுதான் அதிகம் வலிக்கும் என்று அன்று காலையில்தான் அவளிடமிருந்து கற்றிருந்தேன்.

பள்ளி வாசலில் பெரிய டீச்சர் ஆரத்தி எடுத்து ஒவ்வொரு தட்டாக வாங்கினார். நாற்காலி உள்ளே போனது. டிரம் உள்ளே போனது. என் உலக உருண்டையும் போனது. பிறகு கிடா வந்து நின்றது. அதற்குள் அது மாலையில் பாதியைத் தின்றிருந்தது.

மேளம் தானாக நின்றது. மாமா கயிற்றை நீட்டிக்கொண்டு நின்றார். சின்ன டீச்சர் பெரிய டீச்சரின் காதில், "டீச்சர், இத நாம எங்க வச்சுக்கறது? ஏஇஓ ஆபீசர் வந்து பாத்தா என்ன சொல்றது?" என்று கேட்டது எனக்கே கேட்டது. கொண்டுவந்த சீரைத் திருப்பி அனுப்பினால் மாமா இனி ஜென்மத்துக்கும் வரமாட்டார். எதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள் என்று டீச்சர் சார்பில் வாக்குக் கொடுத்தவளும் நான்தான். அடப்பாவி மாமா, ஒரு நாற்காலி வாங்கிவந்திருக்கக் கூடாதா!

பெரிய டீச்சர் கிடாவைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமா முகத்தை ரொம்ப அப்பாவியாக வைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் கிடாவின் நெற்றியிலும் குங்குமம் வைத்து ஆரத்தி சுற்றினார்.

"பள்ளிக்கூடம் ஏத்துக்கிட்டது. ரொம்ப சந்தோஷம்ங்க" என்று சத்தமாகச் சொன்னார். "ஆனா இங்க ராத்திரியில பாத்துக்க ஆளு இல்ல. பள்ளிக்கூடத்துக் கெடாவ ஒரு வூட்ல வச்சி வளத்துக் குடுக்கணும். இது எந்தப் புள்ள பேருல வந்துச்சோ, அந்தப் புள்ளயோட அம்மா முன்னாடி வாங்க."

பெண்கள் கூட்டத்திலிருந்து அம்மா வந்தாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு மாமாவின் முன்னால் நின்றாள். கயிற்றை வாங்க முந்தானை எதற்கு என்று எனக்குத் தோன்றியது. மாமா கயிற்றின் நுனியை அதில் வைத்தார்.

"நல்லா இறுக்கிப் புடிக்கா. இழுப்பான்" என்றார்.

"எளச்சிப் போயிட்டியேடா" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் பேசினார்கள். அம்மா கிடாவை இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு நடந்தாள். அழுதுகொண்டே நடந்தாள். கிடா கனமாக இழுக்கிறது போலும் என்று நினைத்தேன்.

எனக்கு வந்ததே கோபம்! எல்லோருடைய சீரும் பள்ளிக்கூடத்துக்குள் வரிசையாக, பெயர் ஒட்டி, ஊர் பார்க்க நிற்கிறது. என் மாமாவின் சீர் மட்டும் எங்கள் வீட்டுக் கொட்டகையில். நத்தைக்கல்காரி பக்கத்தில் வந்து, "ஒங்க சீரு திரும்பி ஒங்க வூட்டுக்கே போயிடுச்சு" என்றாள். நான் நேரே பெரிய டீச்சரிடம் போய் முறையிட்டேன். கிடாவுக்கும் பெயர் ஒட்டி வேப்பமரத்தில் கட்டலாம், நானே தினமும் தழை ஒடித்துப் போடுகிறேன் என்றெல்லாம் சொன்னேன். தலைமைப் பண்பு உள்ளவள் என்று என்னைப் பாராட்டியவர், அன்று என் கன்னத்தைத் தட்டி, "போ, வூட்ல விருந்தாளி வந்திருக்காங்க, போய்க் கவனி" என்று துரத்திவிட்டார்.

வீட்டுக்குப் போனால் மாமா கிடாவுக்கு முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தார். புது இடம், கத்தும், ராத்திரி நான் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா கொல்லைக்குப் போய் வாழை இலை நறுக்கிவந்து போட்டார். அத்தை அடுத்த வீட்டிலிருந்து மோர்மிளகாய் கொண்டுவந்து, மாமாவின் இலையில் ஒன்றுக்கு இரண்டாக வைத்தார். அம்மா பரிமாறிக்கொண்டே இருந்தாள், மாமா போதும் போதும் என்றாலும் விடவில்லை. தம்பி மாமாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவர் இலையிலேயே சாப்பிட்டான். அவனை யாரும் இறங்கச் சொல்லவில்லை.

என்னை யாருமே கண்டுகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் நடந்திருக்கிறது, இவர்கள் எல்லோரும் உட்கார்ந்து சந்தோஷமாகச் சாப்பிடுகிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. மாமா பாவம், வெளியூர்க்காரர், படிக்காதவர். யாராவது எடுத்துச் சொன்னால்தானே தெரியும்? நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாமா, ஸ்கூல்ல கெடா வச்சுக்க மாட்டாங்க. வூட்டுக்குத்தான் அனுப்புவாங்க. இதுகூடவா ஒங்களுக்குத் தெரியாது?"

மாமா சோற்றை வாயில் வைத்தபடி நிமிர்ந்தார். "எனக்கு எங்கம்மா தெரியும்? நான் என்ன ஒன்ன மாதிரி படிச்சவனா?"

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா சட்டென்று அடுப்படிக்குள் போனாள். அப்பா சிரித்துக்கொண்டே மாமாவின் முதுகில் ஒரு அடி வைத்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. தெரியாத ஒருவரைப் பார்த்து இப்படிச் சிரிக்கலாமா என்று எனக்கு மாமாவின்மேல் இரக்கம்தான் வந்தது. அடுத்த தடவை நாற்காலியாக வாங்கி வாருங்கள், அதுதான் பள்ளிக்கூடத்திலேயே இருக்கும் என்று நான் அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். சரிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு, மாமா இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.